வலது மேல் மூலை

என் மேசைமேல் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. மூடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறந்தேன். உள்ளே தபால் அட்டை அளவில் வெட்டிய மஞ்சள் அட்டைகள், சணல் நூலால் கட்டப்பட்டு அடுக்காக இருக்கின்றன. ஒவ்வோர் அட்டையிலும் மூன்று மூலைகள்தான் முழுதாக உள்ளன. வலது மேல் மூலை இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. கத்தரித்தவர் நிதானமானவர். எல்லா அட்டைகளிலும் ஒரே சாய்வு, ஒரே அளவு, எங்கும் பிசிறு இல்லை. டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். வெட்டிய துண்டுகள் அடியில் எங்காவது ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை.

மாஸ்டர் காலமாகிவிட்டார். நேற்று அவர் மகன் புக்கிட் பாருவிலிருந்து காரில் வந்து இதைக் கொடுத்துவிட்டுப் போனார். "அப்பா அலமாரியில இருந்துச்சி டீச்சர். அந்த சனிக்கிழமை வகுப்புல நீங்களும் கூட இருந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. நினைவு மலர் போடறோம். நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார். படியிறங்கிச் செருப்பை மாட்டும்போது, "நல்லதா எழுதுங்க டீச்சர்" என்றும் சேர்த்துக்கொண்டார். நல்லதாக எழுத எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டுப் பள்ளி வேலையில் எத்தனையோ பேருக்குப் பிரிவு உரை எழுதியிருக்கிறேன். யாரைப் பற்றியும் நல்லதாக நாலு பக்கம் எழுதிவிடலாம். மாஸ்டரைப் பற்றி அப்படி எழுதமாட்டேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி எழுதுகிறேன்.

மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திர நாளை அறிவித்த பிறகு, எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும் போலிருந்தது. சிலர் தோரணம் கட்டக் கமிட்டி அமைத்தார்கள். சிலர் நாடகம் போட்டார்கள். எங்கள் வட்டாரத் தமிழர் கழகம் ஒரு சுதந்திர மலர் வெளியிடத் தீர்மானித்தது. அதில் நம் மக்கள் இந்த ஊருக்கு வந்த வரலாறு ஒரு நீண்ட கட்டுரையாக வரவேண்டும், அதை மாஸ்டர் எழுதவேண்டும் என்று முடிவானது. அவர் ஆங்கிலப் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். தான் ஒருவராக உட்கார்ந்து எழுதமாட்டேன், பிள்ளைகளை வைத்து ஊரைக் கேட்டு எழுதுவேன் என்று சொல்லிவிட்டார். காஜா பேராங்கில் ஒரு பழைய பலகை மண்டபத்தில் சனிக்கிழமை காலை வகுப்பு தொடங்கியது. நான் தமிழ்ப் பள்ளியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்தப் பகுதியிலேயே குடியிருந்ததால், பிள்ளைகளை வீடு வீடாக அழைத்துப் போக என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

அவர் நடத்திய முதல் வகுப்பு இன்னும் கண்முன் நிற்கிறது. எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "பேனாவ மூடுங்க" என்றார். மண்டபத்துக் காவலாளியை அழைத்து, அவர் இந்த ஊருக்கு வந்த கதையைச் சொல்லவைத்தார். முடிந்ததும் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். அதன் பிறகுதான் எழுதவிட்டார். முதல் முறை கேட்கும்போது ஆளைக் கேட்கவேண்டும், இரண்டாம் முறை செய்தியைக் கேட்கவேண்டும் என்பது அவர் பாடம். பெயரும் ஊரும் வந்தால் இரண்டு முறை சொல்லச்சொல்லிக் கேட்காமல் எழுதக்கூடாது. ஓர் அட்டையில் ஒரு செய்திதான். சொன்னவரின் பேச்சை இலக்கணம் திருத்தி அழகாக்கக்கூடாது. தேதி தெரியாவிட்டால், அப்போது என்ன பண்டிகை வந்தது, எந்தப் பிள்ளை கையில் இருந்தது என்று கேட்கவேண்டும். இரண்டு பேர் சொல்வது முரண்பட்டால் இரண்டு அட்டைகளையும் நூலால் சேர்த்துக் கட்டவேண்டும். ஒன்றைத் தூக்கிப்போடும் உரிமை நமக்குக் கிடையாது. எழுதுபவருக்கு ஏதாவது தோன்றினால், சந்தேகமோ கருத்தோ சமாதானமோ எதுவானாலும், அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். முன்பக்கம் சொன்னவருடையது.

எல்லாவற்றுக்கும் மேலானது வலது மேல் மூலை. யார் வாயிலிருந்து வந்தது, யாரைப் பற்றியது, எங்கே, எப்போது கேட்டது என்பதெல்லாம் அங்கே சிறிய எழுத்தில் இருக்கவேண்டும். மூலை காலியாக இருந்தால் அந்த அட்டை அவரைப் பொறுத்தவரை வெறும் அட்டை. ஒரு பையன் 'எல்லாரும் சொன்னது' என்று மூலையில் எழுதிவந்தான். "எல்லாரும்னா யாருடா? அவருக்கு வீட்டு நம்பர் இருக்கா? தபால்காரன் போய்க் கதவத் தட்டுவானா?" என்று மாஸ்டர் கேட்டார். வகுப்பு சிரித்தது. அந்தப் பையனுக்கு அன்று முதல் 'எல்லாரும்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்னொரு பாடமும் உண்டு. எழுதியதை மனத்தில் சுமக்காதீர்கள், அட்டை சுமக்கும், உங்கள் தலை அடுத்த ஆளைக் கேட்கக் காலியாக இருக்கட்டும் என்பார். அது எவ்வளவு நல்ல பாடம் என்று அப்போது வியந்தேன். அதை நம்பியதற்காக இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான் நாட்குறிப்பு எழுதுவது அவரிடம் பழகியதுதான். இன்றுவரை என் குறிப்பில் யாருடைய பேச்சு வந்தாலும் பக்கத்தின் வலது மூலையில் அவர் பெயர் இருக்கும். என் ஒழுங்கு முழுவதும் அவர் கொடுத்தது. அவர் சாதாரண ஆளாக, சோம்பேறியாக, பாதி தெரிந்தவராக இருந்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். காலையில் மிளகாயும் மல்லியும் அரைத்து, உருண்டையாக உருட்டி, இலையில் வைத்து வீடுகளுக்கு விற்பார். எல்லோருக்கும் அவர் மசாலா அக்கா. ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். அவர் கணவரை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அதனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அக்கா நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியுமாகவே இருந்தார். பசாரில் சிலர் முதுகுக்குப் பின்னால் ஏதாவது சொல்வார்கள். "அவரு வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?" என்று அக்கா திரும்பி நின்றே கேட்டுவிடுவார்.

ஒரு சனிக்கிழமை மதியம், அவரைக் கேட்க நானும் ஒரு மாணவியும் போனோம். அந்தப் பெண், பல தலைமுறைகளுக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய காஜா பேராங்கின் செட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவள். கோயிலும் பொங்கலும் நம்மைப் போலத்தான், வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். தமிழில் அவளுக்குப் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். அதனால் அவள் மலாயில் கேட்டாள், அக்கா தனக்குத் தெரிந்த பசார் மலாயில் சொன்னார், இடையிடையே தமிழுக்கு மாறும்போது நான் சொல்லிக்கொடுத்தேன். அம்மியின் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா கதையை இரண்டு முறை சொன்னார். முதல் முறையும் இரண்டாம் முறையும் ஒரு சொல் மாறவில்லை. அந்தப் பெண் கடைசியாக மூலையை நிரப்புவதற்காக, "மாச்சிக், லாக்கி பூஞா நாம அபா?" என்று புருஷன் பெயரைக் கேட்டாள்.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "தா போலே சாக்காப்", சொல்லக்கூடாது என்றார். புருஷன் பெயரை மனைவி வாயால் சொல்லக்கூடாது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அக்காவின் தலைமுறையில் எல்லாப் பெண்களும் நம்பிய ஒன்று. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத ஒருவரின் ஆயுசை அக்கா அத்தனை ஆண்டுகள் இப்படித்தான் காத்துவந்தார்.

"பக்கத்து வீட்டு அண்ணிக்கு அவரு பேரு தெரியும். போயி கேட்டுக்கோ டீச்சர்" என்றார் என்னிடம்.

"அண்ணி சொன்னா மூலையில அண்ணி பேருதான்க்கா வரும். மாஸ்டர் சட்டம் அப்படி."

"அவ பேரா? அவரு கட்டிக்கிட்டது என்னயா, அவளயா?"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "இது புத்தகத்துல அச்சா வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். "அவரு பேரும்?" வரும் என்றேன். மாஸ்டர் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருந்தார். மலரின் கடைசிப் பக்கங்களில் சொன்னவர்கள் பெயரும் சயாமுக்குப் போனவர்கள் பெயரும் வரிசையாக வரும் என்று. அக்கா எழுந்து போய்க் கையிலிருந்த மசாலாவைத் தண்ணீரில் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு பெயரைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அந்தப் பெண் வகுப்பில் கற்றதை மறக்காமல், "செக்காலி லாகி, மாச்சிக்" என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அக்கா இரண்டாம் முறை, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். உங்கள் பெயர் என்ன என்றதற்கு, "எம் பேரு எதுக்கு, அவரு பெஞ்சாதின்னு போடு" என்றார்.

மறுவாரம் அக்காவின் கழுத்தில் தாலி இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இனிமே அவரு புத்தகத்துல இருப்பாரு, இங்க எதுக்கு" என்று சொல்லிவிட்டு மல்லியை அரைக்கத் தொடங்கினார்.

அந்த அட்டையின் முன்பக்கம் இதோ என் கையில் இருக்கிறது. அந்தப் பெண் மலாயில் எழுதி, அடியில் நான் தமிழில் எழுதியது. 'காலையில் பெரட்டுக்கு நின்றோம். பெரிய கிராணி பேர் வாசித்தார். வாசித்த பேரெல்லாம் லாரியில் ஏறினார்கள். என் வீட்டுக்காரர் பால் வெட்டும் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.' பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. பெரிய கிராணி தோட்டத்தின் தலைமை எழுத்தர். இதே காட்சியை வேறு இரண்டு பெண்களும் அதே தோட்டத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் மூன்று அட்டைகளையும் வாசித்தார். "நல்ல அட்டை" என்று மட்டும் சொல்லிக் கீழே வைத்தார். வழக்கமாக ஒரு நல்ல அட்டை கிடைத்தால் அதை உயர்த்திப் பிடித்து வகுப்புக்குக் காட்டுவார். அன்று காட்டவில்லை.

அந்தப் பெரிய கிராணி யார் என்று எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். போருக்குப் பிறகு தோட்டத்தை விட்டு ஊருக்கு வந்து, கடை வைத்து, வீடுகள் வாங்கி, கழகத்தின் தலைவராக இருந்தவர். சுதந்திர மலருக்கு அச்சுச் செலவைக் கொடுத்தவர். மசாலா அக்கா குடியிருந்த பலகை வீடு அவருடையதுதான். அக்காவுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னார். நான் முன்பே எச்சரித்தபோது, "வீட்ட எடுத்துக்கட்டும். பலகதானே, மழைக்கு ஒழுகுது" என்றார்.

மலர் அச்சுக்குப் போவதற்கு முந்தைய சனிக்கிழமை நான் வகுப்புக்கு முன்னதாகவே போய்விட்டேன். மாஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். மேசையில் அட்டைகள் அடுக்காக இருந்தன. கையில் தையற்காரர்கள் வைத்திருப்பது போன்ற கறுப்புப் பிடிக் கத்தரிக்கோல். ஓர் அட்டையை எடுப்பார், அளவு பார்ப்பார், மூலையை வெட்டுவார், மீதி அட்டையை இடப்பக்கம் வைப்பார், துண்டை வலப்பக்கத் தட்டில் போடுவார். பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

"என்ன மாஸ்டர் இது?" என்றேன்.

"தலைவரு அட்டையெல்லாம் பாக்கணும்னாரு. நாளைக்கு வீட்டுக்குக் கொண்டாரச் சொல்லியிருக்காரு. யாரு சொன்னான்னு அவருக்குத் தெரிய வேணாம்."

"குடுக்க முடியாதுன்னு சொல்லுங்க."

"சொல்லலாம். மலரு வராது." அடுத்த அட்டையை எடுத்தார். "அந்த அம்மாவ வீட்ட விட்டு எறக்கிட்டா நீ வச்சிப் பாத்துக்குவியா?"

"அவுங்க பயப்படல. நீங்கதான் பயப்படறீங்க."

"அவுங்களுக்குப் பயப்படத் தெரியல. அதுக்குத்தான் நாம படிச்சிருக்கோம்."

அந்த வாக்கியத்தை அன்றே எழுதி, மூலையில் அவர் பெயரையும் எழுதிவைத்தேன். ஏழை ஒருத்தியின் துணிவை அறியாமை என்று சொல்லவும், தன் கோழைத்தனத்தைப் படிப்பு என்று சொல்லவும் எவ்வளவு திறமை வேண்டும். கிராணி ஜப்பான்காரன் கட்டளைக்குப் பணிந்தவர்தான், மறுத்திருந்தால் அவர் தலை போயிருக்கும் என்றும் மாஸ்டர் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அதைப் பின்பக்கம் பென்சிலால் எழுத வேண்டியதுதானே? சமாதானத்துக்கு இடம் பின்பக்கம் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே? இன்று எல்லா அட்டைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டேன். பின்பக்கங்கள் சுத்தமாக இருக்கின்றன. நான் தட்டை எடுக்கப் போனேன். அவர் அதற்குமுன் துண்டுகளை ஓர் உறையில் கொட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுவாரம் கேட்டதற்கு, "எரிச்சாச்சு" என்றார்.

பிள்ளைகளிடம் பெயர்களைக் கேட்டேன். ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. மனத்தில் சுமக்காதீர்கள் என்ற பாடத்தை அவர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள். மற்றப் பெண்களைத் திரும்பப் போய்க் கேட்டேன். ஒருமுறை வாயைத் திறந்து சொன்னதே பெரிது என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். பக்கத்து வீடுகளில் கிடைத்த இரண்டு மூன்று பெயர்கள் எந்த அட்டைக்குரியவை என்று பொருத்த முடியவில்லை.

மலர் வந்தது. பளபளப்பான அட்டை, கொடி, தலைவரின் படம். மாஸ்டரின் கட்டுரை நடுவில் பல பக்கங்களுக்கு நீண்டது. நல்ல நடைதான். அதில் ஒரு வரி: 'ஜப்பானியர் காலத்தில் சயாமுக்குச் சென்றவர்களில் சிலர் திரும்பவில்லை என்று பலரும் கூறுவர்.' கடைசிப் பக்கங்களில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் இருந்தன. பலரும் என்றால் யார் என்று மாஸ்டரிடம் கேட்க அந்த வகுப்பில் யாரும் மிச்சமில்லை. அந்த வகுப்பே அத்துடன் நின்றுபோனது. அடுத்த தேர்தலில் அவர் கழகத்தின் துணைத் தலைவரானார்.

மசாலா அக்காவுக்கு யாரோ ஒரு மலரைக் கொடுத்திருந்தார்கள். அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "எந்தப் பக்கம் டீச்சர்?" என்றார். நான் அந்த வரியைக் காட்டி வாசித்தேன். அவர் விரலை வரியின்மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நகர்த்தினார். விரலில் மஞ்சள் கறை இருந்தது.

"இதுல அவரு எங்க இருக்காரு?"

இல்லை என்றேன். கடைசிப் பக்கம்வரை புரட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். மலரை மூடித் துணியில் திரும்பச் சுற்றினார்.

"அப்ப என்ன எதுக்குச் சொல்ல வச்சீங்க?" என்று கேட்டார்.

அவர் கத்தவில்லை, அழவில்லை. துணிச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு போய்விட்டார். அதன்பின் பல ஆண்டுகள் அவர் என் வீட்டுக்கு மசாலா கொண்டுவந்தார். முன்புபோலப் பேசினார், கேலி செய்தார். ஆனால் நெற்றி வெறுமையாகவே இருந்தது. கணவரைப் பற்றி ஒரு சொல்லும் அவர் வாயில் வரவில்லை. தாலியை எடுத்துவிட்டார், புத்தகத்திலும் கணவரைக் காணவில்லை. அக்காவிடம் அவர் இருக்க வேறு இடம் இல்லாமல் போயிற்று. இதைப் பற்றிப் பத்திரிகைக்கு நான் எழுதிப்போட்டவை அச்சில் வரவில்லை. அக்கா அதே பலகை வீட்டில்தான் இறந்தார். தலைவர் அவரை ஒருநாளும் காலி செய்யச் சொல்லவில்லை. மாஸ்டர் காப்பாற்றியதாகச் சொன்ன வீடு அதுதான். அவர் அந்தத் துக்க வீட்டுக்கு வந்து, என்னைப் பார்த்து, "பாத்தியா, கடைசிவரைக்கும் வீட்டுக்குக் கொற இல்ல" என்றார். அதற்குமேல் நான் அவரிடம் பேசியதில்லை.

இப்போது அந்த வரிசை வீடுகள் இல்லை. அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். மாஸ்டரின் நினைவு மலர் நல்ல தாளில் வரப்போகிறதாம். ஒழுங்கு கற்பித்தவர், ஊருக்கு வரலாறு எழுதிக்கொடுத்தவர் என்று மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். இரண்டும் பொய்யல்ல. அவர் ஏன் இந்த அட்டைகளை எரிக்காமல் வைத்திருந்தார் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். குற்ற உணர்ச்சி என்று அவர் மகன் சொல்லலாம். பின்பக்கத்தில் ஒரு வரி பென்சிலால் எழுதியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

இவ்வளவும் எழுதியபின் மசாலா அக்காவின் அட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். மற்றவற்றை எழுதியவர்கள் வேறு பிள்ளைகள். அவர்களை வாசல்வரை கொண்டுவிட்டேனே தவிர, அவர்கள் கேட்ட பெயர்களை நான் கேட்கவில்லை, அதனால் அவற்றை என்னால் நிரப்ப முடியாது. இதில் மட்டும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அக்கா சொன்ன பெயரை மறக்கவில்லை. மஞ்சள் தாளில் வெட்டுக்குச் சரியாக ஒரு முக்கோணம் அளந்து, பசை தடவி ஒட்டியிருக்கிறேன். கட்டுரையுடன் இந்த அட்டையையும் மாஸ்டரின் மகனிடம் கொடுக்கப்போகிறேன். அச்சிடுவதானால் முழுதாக அச்சிடட்டும். வெட்டுவதானால் இந்தக் கட்டுரையே வேண்டாம். மூலையில் எழுதியிருப்பது இது:

சொன்னவர், லாரியில் ஏறியவரின் மனைவி. இடம், காஜா பேராங், அம்மியின் பக்கத்தில், ஒரு சனிக்கிழமை மதியம். ஏறியவர் பெயர் வீராசாமி. இரண்டு முறை கேட்டு எழுதியது.